பேர் கேட்கும் கிட்

திருச்சானூர் லாட்ஜ்களுக்கு ரூம் புக்கிங் புரோகிராம் எழுதும் எங்கள் ஆபீஸுக்கு, எங்கள் வேலையைப் பார்த்துச் சரிசெய்து கொடுக்க, சித்தூரிலிருந்து ஒரே ஒரு நாள் வந்தார் ஒரு அம்மா. ஒட்ட வெட்டிய நரைமுடி. கீபோர்டை மடியில் வைத்துத்தான் அடிப்பார். எண்டர் தட்டுவதற்கு முன் கையை எடுத்துவிட்டு, அடித்ததை ஒருமுறை உதடசைத்துப் படிப்பார்.

புரோகிராம் எழுதும் நாங்கள் மூவரும் ஒரே கம்ப்யூட்டரில் மாறி மாறி வேலை செய்தோம். யார் எதை எழுதினார்கள் என்று குறித்துவைக்க வேண்டிய ‘கிட்’ (Git) என்ற மென்பொருள், அதை நிறுவிவிட்டு எப்போதோ பெங்களூரு போய்விட்டவர் பேரிலேயே எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தது. முதலாளி இன்னமும் அவரைத்தான் மெச்சுவார்.

"எழுதிக்கினு இருக்கறது நீ. பேரு மட்டும் அவருதா?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

"டீஃபால்ட்டா, தானாவே அப்படி வருது மேடம்."

"டீஃபால்ட்ட வெக்கறதே நாமதானம்மா."

கிட்டின் செட்டிங்கில் இரண்டு மூன்று வரிதான் அடித்தார். பழைய பேர் போய்விட்டது. எழுதுவது யார் என்று சொல்லாவிட்டால் கிட் இனி எதையும் ஏற்காது. அன்று சாயங்காலம் என் வேலைக்குப் பக்கத்தில் என் பேரை முதன்முதலாகப் பார்த்தேன். அந்த அம்மாவைப் போலவே உதடசைத்து அதை ஒருமுறை படித்தேன்.

இப்போது அந்தப் பதிவுகளில் எங்கள் மூவர் பேரும் மாறி மாறி வருகிறது. அந்த அம்மாவின் பேர் எங்கேயும் இல்லை. செட்டிங்கை மாற்றுவது பதிவில் ஏறாது என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?