அழிக்கச் சொன்ன படம்

யுத்தம் முடிந்த வருஷம், கல்முனையிலுள்ள என் கடைக் கணினியில் நான் ஒரு புரோகிராம்கூடப் புதிதாக ஏற்றவில்லை. கடிதம் தட்டுவது, படம் வெட்டுவது, விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் இணைய உலாவிக்குள்ளேயே நடந்தன. சேமிக்கும் பொத்தானைத் தேடி என் விரல் அலையும். தானாகவே சேமித்துவிட்டதாகத் திரை சொல்லும். எங்கே என்று சொல்லாது. இணைய லைன் அறுந்தால் எழும்பி வாசல்வரை நடப்பேன், திரும்பி வருவேன், மறுபடி நடப்பேன். ஏன் இந்தப் பதகளிப்பு என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்கள்.

சுனாமிக்கு முன்பு நான் இப்படி இல்லை. கடற்கரை வீதியில் கடை. வேலையெல்லாம் கணினிப் பெட்டிக்குள், வெளிநாட்டுச் சொந்தங்களோடு கதை இன்டர்நெட்டில். அதுதான் என் சட்டம்.

நிந்தவூர்ப் புடவைக் கடைக்காரர் ஒருவரை, அண்ணன் முறை வைத்து, காக்கா என்று கூப்பிடுவேன். அடையாள அட்டைப் படத்துக்காக மகளைக் கூட்டி வந்தார். அவர்கள் வீட்டில் பெண்பிள்ளைகளைப் படம் பிடிக்கும் வழக்கமே இல்லை. சட்டத்துக்காகப் பிடிப்பது இது ஒன்றுதான். முக்காட்டைச் சரிசெய்யச் சொன்னேன். அவள் வாப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே பிடித்துவிட்டேன்.

கட்டாரிலிருந்த தாய்மாமன் மருமகளைக் கண்டு ஆறு வருஷம். அவருக்கும் ஒரு பிரதியை மின்னஞ்சலில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் காக்கா தனியே வந்தார்.

“தம்பி, மச்சான் பாத்த கையோட அழிச்சிட்டாராம். நீங்களும் அழிச்சிருங்க. கொமருப் புள்ளைட படம். நெட்டுல கெடந்தா ஆரு பாப்பாங்க எண்டு தெரியா.”

“பெட்டிக்குள்ள இரிக்கிறது?”

“அது இரிக்கட்டும். உங்கட கடைக்குள்ளதானே.”

அவர் போனதும் அனுப்பிய மின்னஞ்சலை அழித்தேன். குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கினேன். நம்பி ஒப்படைத்த அமானிதத்தைக் காத்துவிட்டதாக ஒரு பெருமை வேறு.

சில வாரங்களில் கடல் வந்தது. பெட்டி, அதன் பிரதிகளை எழுதி வைத்த சீடிகள், அவை இருந்த மேசை லாச்சி, கடை எல்லாம் போயின. காக்காவின் வீட்டையும் மகளையும் கடல் கொண்டுபோனது. விண்ணப்பத்தில் ஒட்டவிருந்த படங்களும் அந்த வீட்டில்தான் இருந்தன. மகளுக்கு நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்தபின் வந்து பெட்டியைக் கேட்டார். இல்லை என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். மின்னஞ்சலைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. கோழைத்தனம்தான்.

நாலரை வருஷம் கழித்து, பிரதான வீதியில் நான் திறந்த புதுக் கடைக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

“இப்ப எல்லாத்தையும் நெட்டுலதான் வெக்கிறீங்களாமே தம்பி. பெட்டி உடைஞ்சாலும் ஒண்டும் போகாதாம்.”

“ஓம் காக்கா.”

“அந்த நேரம் நான் அழிக்கச் சொன்னன்தானே. வேலைக் கரைச்சல்ல நீங்க மறந்திருப்பீங்க எண்டுதான் வந்தன். கொஞ்சம் பாருங்களன்.”

இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் திறந்தேன். கடவுச்சொல்லை இரண்டு தடவை பிழையாகத் தட்டினேன். அனுப்பியவை வரிசையாகக் கிடந்தன: கல்யாண அழைப்பிதழ்கள், பள்ளிவாசல் அறிவித்தல்கள், யாரோ கட்டாருக்கு அனுப்பச் சொன்ன ஆட்டுக்கிடாயின் படம்கூட. காக்கா என் தோளுக்கு மேலால் குனிந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். படம் அனுப்பிய அந்த மாதம் வந்து, கடந்து போனது.

“சொன்னபடியே செஞ்சிட்டீங்க,” என்றார்.

“ஓம் காக்கா. அண்டைக்கே.”

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கதிரையை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இன்னொருக்கா மேலயிரிந்து பாருங்க, தம்பி.”