காலனிக் கிணற்றுப் பாட்டில்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருப்பதியில் நான் செய்த முனைவர் பட்ட ஆராய்ச்சியை எங்கள் சித்தூர் சபையில் யாருக்கும் விளக்க முடியவில்லை. சுற்றுச்சூழல் என்ற சொல்லே அப்போது புதிது. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது யாராவது விசாரித்தால் என்னைப் பெற்ற நைனா, பொண்ணு தண்ணீர் படிக்கிறது என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருமுன் சைக்கிளை எடுத்துவிடுவார்.

அது பொய்யும் இல்லை. வயலுக்குப் போடும் உரம் குடிநீர்க் கிணற்றில் இறங்குகிறதா என்பதுதான் என் கேள்வி. விஜயபுரம் பக்கம் நெல்லுக்கும் வேர்க்கடலைக்கும் நடுவே ஆறு கிணறுகளைத் தேர்ந்தெடுத்திருந்தேன். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை புத்தூரில் பஸ் மாறிப் போய், கிணற்றுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்து வருவேன்.

ஆறாவது கிணறு காலனியில் இருந்தது. ஊரிலேயே தாழ்வான இடம். சுற்றிலும் பிறத்தியார் வயல். உரம் இறங்கினால் முதலில் இங்கேதான் இறங்க வேண்டும். ஆனால் மாதாமாதம் ஆறிலும் சுத்தமான தண்ணீர் இதுவாகவே வந்தது. என் கைடு லேசில் மகிழாத தெலுங்குக்காரர். அவரே முடிவுகளைப் பார்த்துவிட்டு, மண்ணில் ஏதோ விசேஷம் இருக்கிறது, தனி அத்தியாயமாக எழுது என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபது பக்கம் எழுதித் தள்ளினேன். அந்த ஊர்க் களிமண்ணை நான் அதில் புகழ்ந்த புகழ்ச்சியை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நோட்டில் 'நானே எடுத்தது' என்று எழுதினேனே தவிர, அந்தக் கிணற்றில் ஒருநாளும் நான் வாளியை இறக்கியதில்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, எனக்குப் பயம். அங்கே கூலி வேலைக்குப் போகும் ஒரு அக்கா, நான் வரும் செவ்வாயன்று வேலைக்குப் போகாமல் காத்திருப்பாள். பாட்டில்களை வாங்கிக்கொண்டு, வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, கூழ் கொடுத்து உட்கார வைத்துவிட்டுப் போவாள். கிணறு வீடுகளுக்குப் பின்னால் கூப்பிடு தூரம்தான். அவள் திரும்பி வர அரைமணி ஆகும். ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நிழல் சுகமாக இருந்தது.

பதினோராம் மாதம், பஸ் ஸ்ட்ரைக் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு திங்கட்கிழமையே போய்விட்டேன். அக்கா வேலைக்குப் போயிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு நானே வாளியை இறக்கினேன். லேபில் முடிவைப் பார்த்ததும் ரசாயனம் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, புதிதாகக் கலக்கி மறுபடி செய்தேன். மூன்றாம் முறையும் அதேதான். ஆறிலும் மோசமான தண்ணீர் அது.

அடுத்த மாதம் அவள் பாட்டில்களோடு கிளம்பியதும் பின்னாலேயே போனேன். அவள் கிணற்றைத் தாண்டி, வரப்பில் ஏறி, பெரிய விவசாயி ஒருவர் ஆழமாகப் போர் போட்டிருந்த பம்புசெட்டுக்குப் போனாள். காலனிக்காரர்கள் அங்கே குடம் வைக்க முடியாது. காவலுக்கு இருந்தவரிடம், திருப்பதியிலிருந்து படிக்கிற பெண் வந்திருக்கிறது, அதற்கு மட்டும் என்று கெஞ்சி நிரப்பிக்கொண்டாள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒரு வருட வேலை, இருபது பக்கம், முடியப்போகும் ஸ்காலர்ஷிப். வழியிலேயே மறித்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று கத்திவிட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வெயிலில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாள் போல.

"நம்பி வந்த பொண்ணுக்கு அந்தத் தண்ணியவா குடுக்கறது? அத்த எடுத்துக்கினு போனா உன் படிப்பு இன்னாத்துக்கு ஆவும்?"

கைடிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நோட்டில் எழுதிய பொய்யையும் சேர்த்து. அவர் நோட்டை வாங்கி முதலிலிருந்து புரட்டினார். பிறகு, அந்த அம்மா கொடுத்தவை பம்புசெட்டுத் தண்ணீர், லேபிளை மட்டும் மாற்று, எதையும் வீணாக்காதே என்றார். காலனிக் கிணற்றுக்கு இன்னொரு வருடம், உன் கையால் என்றார். களிமண் அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் லேசாகச் சிரித்தார்.

அந்த வருடம் முழுக்க நானே கயிறு இழுத்தேன். நான் உள்ளே விழுந்துவிடாமல் அக்கா என் இடுப்புச் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். திட்டியதற்கு நான் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கடைசி மாதம், முடிவைச் சொல்லப் போனேன். எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். அக்கா, இந்தக் கிணற்றுத் தண்ணீர் நல்லதில்லை, கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது என்றேன். அவள் பேரப்பிள்ளை இடுப்பில் இருந்தது.

"தெரியுமேம்மா. அதனாலதான உனுக்கு அத்த குடுக்கல."

சொல்லிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு அதே கிணற்றுக்குப் போனாள்.