டெஸ்ட் டியூப்ல வந்த அரக்கு

அடுத்தவங்க ஒண்ணுக்க கண்ணாடிக் குழாயில ஊத்தி, சூடு காட்டி, கலர் பாத்துச் சொல்ற தொழில் எங்களுது. வெறும் வயித்தோட லேப் பெஞ்சுல குந்திகினு, எப்ப பேரக் கூப்புடுவான்னு காத்துகினு இருந்தவங்களே, உங்க பேஜார் எனக்குத் தெரியும். உள்ள இருக்கறவன் பேஜாரையும் கொஞ்சம் கேளுங்க. ஆனா ஒண்ணு, பகல்ல வேல பாத்துட்டு நைட் ஸ்கூல்ல தூங்கி வழிஞ்சுகினு படிச்ச கெமிஸ்ட்ரி, ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்து லேபுல, தொண்ணூறுகள்ல, என் கண்ணு முன்னாடி கலர் கலரா ஆட ஆரம்பிச்சுது. எனக்குத் தூக்கமே போச்சு!

எந்தக் கடை?

முனிரத்தினம் அண்ணன் சேவூர்ல சாயப்பட்டறை மாஸ்டர். பட்டு நூலுக்கு கலர் ஏத்தறவரு. கண்ணுல புரை விழுந்துடுச்சு. ஆபரேஷனுக்கு முன்ன சுகர் பாத்துட்டு வான்னு கண் டாக்டர் அனுப்பிச்சிருந்தாரு. அந்த நேரம் அவருக்கு வேற ஒரு கொதிப்பு. கல்யாணப் பொடவைக்கு பளிச்சுனு ராமர் நீலம் கேட்டிருந்தாரு ஜவுளி முதலாளி. இவரு போட்டது மை மாதிரி இருக்குதுன்னு நூலத் திருப்பி அனுப்பிட்டாரு. "அந்தாளுக்குத்தான் கண்ணு அவுட்டு, மொதல்ல அவன டாக்டர்கிட்ட அனுப்பணும்"னு வாசல்லயே கத்திகினு வந்தாரு.

குழாயில நீல மருந்த ஊத்தி, சொட்டு சொட்டா சாம்பிள விட்டு, ஸ்பிரிட் விளக்குல காட்டினேன். நீலம் பச்சையாச்சு, பச்சை மஞ்சளாச்சு, கடசீல செங்கல் செவப்புல வந்து நின்னுச்சு. "நீலத்துல இருக்கறது செம்புண்ணா. ஒடம்புலேர்ந்து வர்ற சர்க்கரை அதப் புடிச்சு இப்பிடி செவப்பாக்கிடுது, உங்களுக்கு சுகர் எக்கச்சக்கம்"னேன். அவரு பயப்படவேயில்ல. குழாய வெளிச்சத்துல புடிச்சு வாயப் பொளந்து பாத்துட்டு கேட்டாரு: "இந்த அரக்கு கலர் கொண்டார நான் மூணு பொடி கலக்கறேன் தம்பி, நீ எந்தக் கடையில வாங்கற?"

சங்கிலியும் கத்திரியும்

சுகர் எறங்கினாத்தான் ஆபரேஷன்னு டாக்டர் கண்டிசனா சொல்லிட்டாரு. கண்ணு தெரியலன்னா சாய மாஸ்டர் வேல ஏது? முனிரத்தினம் அண்ணன் இனிப்பு தொடறதே இல்லன்னு சத்தியம் பண்ணாரு. மூணு வேளையும் சோறுதானாம், அதுவும் மலையா குமிச்சு.

என் டிபன் பாக்ஸ்லேர்ந்து ஒரு வாய் வெறுஞ்சோறு குடுத்து, முழுங்காம மெல்லுங்கன்னேன். மென்னாரு, மென்னாரு, மூஞ்சி மாறிச்சு. "இனிக்குதுடா!" எனக்கு ஒரே குஷி. "சோறுன்றதே சர்க்கரையக் கோத்த சங்கிலிண்ணா. எச்சில்ல ஒரு கத்திரி இருக்குது, அது சங்கிலிய வெட்டிப் போடுது, அதான் இனிக்குது"ன்னு மூச்சு விடாம சொன்னேன். அவரு நிதானமா முழுங்கிட்டு சொன்னாரு: "அப்ப தப்பு எம்மேல இல்ல, எச்சில் மேல. அதுக்கு மாத்திரை எழுதச் சொல்லு."

முட்டை, முடி, பட்டு

சோத்தக் கொறச்சுட்டு முட்டை, பயிறு சேத்துக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. முனிரத்தினம் அண்ணன் சம்சாரம் பத்மா அண்ணி என்கிட்ட வந்து, "பொரதம்னா இன்னாப்பா?"ன்னு கேட்டாங்க. நான் சும்மா இருப்பனா? முட்டையோட வெள்ளக்கரு, நம்ம தலமுடி, நகம், உங்க வீட்டுல காயற பட்டு நூலு, எல்லாமே பொரதம்தான் அண்ணி, எல்லாம் மணி கோத்த சங்கிலி, கோக்கற தினுசுதான் வேறன்னு அடுக்கினேன்.

அண்ணி இடுப்புல கை வெச்சுகினு சொன்னாங்க: "பட்டறையில கொடி கொடியா தொங்குது, முட்டைக்கு எதுக்கு காசு? ஒரு சிட்டம் நூல வேகவெச்சு உப்பு போட்டு வெக்கறேன், துன்னட்டும்."

கட்சி மாறின பொடி

அடுத்த தடவ முனிரத்தினம் அண்ணன் வரும்போதே சிரிச்சுகினு வந்தாரு. "ஜல்தி பாரு தம்பி, இன்னிக்கு செவப்பு வராது." சாம்பிள விட்டேன். விளக்கு பத்த வெக்கவே இல்ல, அதுக்குள்ள நீலம் போயி குழாய் பூரா கருஞ்செவப்பு! தீக்குச்சி கொளுத்தின மாதிரி ஒரு நெடி வேற. "ணா, சாயம் தப்பாப் போச்சுன்னா பட்டறையில இன்னா போட்டு கலர வெட்டுவீங்க?" அவரு தரையப் பாத்தாரு. "ஹைட்ரோஸ்."

எனக்கு சிரிப்பும் ஆச்சரியமும் அடக்க முடியல. "சாயத்த ஹைட்ரோஸ் இன்னா பண்ணுதோ, அதே வேலையத்தான் செம்புகிட்ட சர்க்கரை பண்ணுது. செவப்ப வெட்டிடும்னு சாம்பிள்ல அதக் கலந்து, நீங்க சர்க்கரைக்கு தொணையா ஒரு ரவுடிய அனுப்பி வெச்சிருக்கீங்க." அப்புறம் கொரல எறக்கி, "என்ன ஏமாத்தலாம், கண்ண ஏமாத்த முடியாதுண்ணா. சுகரோட கத்தி வெச்சா புண்ணு ஆறாது, இருக்கற பார்வையும் போயிடும்"னேன். குழாய வாங்கி ஒருக்கா மோந்து பாத்தாரு. கடசீல பெருமூச்சு விட்டாரு: "இத்தினி வருசம் என் சொல் கேட்ட பொடி தம்பி, உன் குழாயப் பாத்ததும் கட்சி மாறிடுச்சே!"

நீலம்

அதுக்கப்புறம் மனுசன் மாறினாரு. சோறு கொறஞ்சுது, மாத்திரை தவறல, சேவூர்லேர்ந்து நடந்தே வந்தாரு. ஒருநாள் குழாய விளக்குல காட்டறேன், காட்டறேன், கொதிக்குது, நீலம் அசையவே இல்ல! "நீலம்ணா!"ன்னு கத்திட்டேன். அவரு பாத்துட்டு பெஞ்சுல பொத்துனு குந்திட்டாரு. "பச்சையா இருக்குதேடா." புரை விழுந்த கண்ணு நீலத்த அப்பிடித்தான் காட்டும். அண்ணி "நீலம்யா, நீலம்"னு தலயில அடிச்சுகினாங்க. அவரு நம்பல. ரத்தத்துலயும் பாத்து சீட்டு குடுத்தப்புறம்தான் எழுந்தாரு.

ஆபரேஷன் முடிஞ்சு, கட்டு பிரிச்சு, கறுப்புக் கண்ணாடியோட நேரா லேபுக்கு வந்தாரு. கண்ணாடியக் கழட்டிட்டு, அலமாரியில இருந்த நீல மருந்து பாட்டில ஜன்னலாண்ட தூக்கிப் புடிச்சாரு. மூக்குக்கிட்ட கொண்டாந்தாரு, தள்ளிப் புடிச்சாரு. மெதுவா பாட்டில வெச்சுட்டு, திரும்பாமலே சொன்னாரு: "அப்ப அந்த முதலாளிக்கு கண்ணு நல்லாத்தான் இருந்திருக்குது."

அந்த நீலம் மாறாம நிக்கறதப் பாக்கத்தான் ஊர் ஒண்ணுக்கயெல்லாம் சந்தோசமா காய்ச்சினேன்னு சொன்னா, என் பக்கத்துல குந்தி டீ குடிக்க நீங்க யோசிக்கறது நியாயம்தான்.