அவள் எண், அவர் பெயர்

கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருடமாக லென்ஸ் தேய்ப்பவருக்கு ‘நிதானம்’ என்று பட்டப்பெயர் வைத்தது கடை முதலாளிதான். பவரை மூன்று முறை சரிபார்க்காமல் எந்த லென்ஸையும் பிரேமில் பொருத்த மாட்டார். வீட்டில் போன், பிராட்பேண்ட் எல்லாம் அவர் பேரில். “ஒரே பேர்ல இருந்தாத்தான் தலைவலி இல்ல” என்பார்.

அவர் மனைவி வீடு வீடாகப் போய் ஊசி போடுவாள், புண்ணுக்குக் கட்டு மாற்றுவாள். பதினான்கு வருடமாக ஒரே எண். நோயாளி படுத்திருக்கும் வீடுகளில் அந்த எண்ணைச் சீட்டில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருப்பார்கள். அதுவும் அவர் பேரில்தான்.

வேகமான பிராட்பேண்டுக்கு ஆசைப்பட்டு வேறு கம்பெனிக்கு மாறினார். பழைய கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

“சார், இந்தக் கணக்குல இன்னொரு மொபைல் நம்பரும் இருக்கு. அதையும் சேர்த்து முடிச்சிரலாமா?”

கையில் லென்ஸ் இருந்தது. “முடிச்சிருங்கம்மா” என்றுவிட்டு, லென்ஸை மூன்றாம் முறையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

மறுநாள் மனைவியின் போன் செத்துப்போனது. தான் முடிக்கச் சொன்னது அந்த எண்ணைத்தான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. “கம்பெனிக்காரன் பண்ணுன கூத்து” என்றார். அவள் இரண்டு முறை கம்பெனி ஆபீசுக்குப் போனாள். கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவரோடுதான் பேசுவார்களாம். “லீவு கிடைக்கட்டும், வர்றேன்” என்று நாளைக் கடத்தினார்.

ஒருவழியாக இருவரும் போனார்கள். கவுன்ட்டர் பெண் திரையைப் பார்த்துச் சொன்னாள்: “சார், நீங்களே வேண்டாம்னு சொல்லியிருக்கீங்களே? திரும்பக் கேக்கப் பதினஞ்சு நாள் டைம் இருந்துச்சு. நேத்தோட முடிஞ்சிருச்சு.”

மனைவி திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள்.

“பதினஞ்சு நாளா நான் கம்பெனியத் திட்டுனேன். கூடச் சேர்ந்து நீங்களும் திட்டுனீங்க.”

புதிய எண்ணுக்குப் பழக்கதோஷத்தில் தன் அடையாள அட்டையை எடுத்தார். அதற்குள் அவளுடையது மேசைமேல் இருந்தது.

வீட்டுக்கு வந்து புதிய எண்ணை முப்பது சீட்டில் எழுதினாள். “நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. ஏன்னு கேட்டா, நடந்ததச் சொல்லுங்க.”

முதல் வீட்டில் படுக்கையில் கிடந்த பெரியவரின் மகள் கதவைத் திறந்தாள். சீட்டைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினாள்.

“எங்க போனாங்க உங்க வீட்டம்மா? அப்பாவுக்கு யூரின் டியூப் அடைச்சு ரெண்டு மணி நேரம் துடிச்சாரு. போன் அடிச்சு அடிச்சு என் கை ஓஞ்சுபோச்சு!”

“கம்பெனில ஏதோ…” என்று இழுத்தார். உள்ளே பெரியவர் முனகுவது கேட்டது. “இல்லம்மா. நான்தான் முடிக்கச் சொல்லிட்டேன். அவளைக் கேக்கல.”

“அவங்க நம்பர முடிக்க நீங்க யாரு சார்?”

“கணக்கு என் பேர்ல…” என்று தொடங்கினார். பதினைந்து நாளாகச் சொன்ன பொய்யைவிட இந்த உண்மை கேவலமாக இருந்தது.

அவள் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். கையில் மீதி இருபத்தொன்பது. அடுத்த வீட்டு அழைப்புமணியை அழுத்தினார்.