மெர்சிங்கில் குழாய் இழுத்த ஞாயிறு

மெர்சிங் என்றால் எல்லாரும் தீவுக்குப் படகு ஏறத்தான் போவார்கள். போன ஞாயிறு நான் போனது என் வீட்டுக்காரரைப் பார்க்க. கடலடித் தொலைத்தொடர்பு கேபிள் கரையேறுவதற்குத் துளை போடும் வேலை அவருக்கு. வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. "ஞாயிறு லீவுதான், நீயே வா லா" என்று அவரே கூப்பிட்டதால், நாங்கள் குடியிருக்கும் மாசாயிலிருந்து கிளம்பிவிட்டேன்.

லார்கின் பேருந்து நிலையத்தில் காலை எட்டரைக்குப் பேருந்து. ஏறத்தாழ 130 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கோத்தா திங்கி தாண்டினால் இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள்தான், நீங்கள் தாராளமாகத் தூங்கலாம். எனக்குத் தூக்கமா வரும்? மறுநாள் காலை ஷிப்ட் இருந்ததால், மாலை ஐந்தரைக்குத் திரும்பி வருவதற்கும் டிக்கெட் எடுத்திருந்தேன். மெர்சிங்கில் இறங்கிக் கிராப் டாக்ஸி பிடித்தால் வேலை நடக்கும் இடத்துக்குப் பத்து நிமிடம், 12 ரிங்கிட்.

வேலிக் கதவருகே காவலுக்கு இருந்த தமிழ் அண்ணன் என்னை நிறுத்தினார். "பைப் இழுக்க ஆரம்பிச்சிட்டாங்க தங்கச்சி. நடுவுல நிறுத்துனா மண்ணு புடிச்சிக்கும், அப்புறம் அசையாது. முடியிற வரைக்கும் யாரும் எழுந்து வர மாட்டாங்க."

கடற்கரையைத் தோண்டுவதில்லை. கரையில் நிற்கும் இயந்திரம் மணலுக்கு அடியில் சாய்வாகத் துளைத்துப் போய்க் கடலடியில் வெளிவரும். அந்தத் துளை வழியே கடலிலிருந்து குழாயை இழுப்பார்கள். கேபிள் பிறகு அதற்குள் வரும். நடுவில் பாறை வந்து வேலை தள்ளிப்போயிருக்கிறது. அன்று கடல் அடங்கியிருந்ததால் விடியற்காலையில் இழுக்க முடிவு செய்தார்களாம். இயந்திரத்தை இயக்குபவர் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் அதன் கூண்டில் ஏற வேண்டும், அதனால் எனக்குச் சொல்ல அவருக்கு வழியில்லை.

வேலி வழியாகப் பார்த்தேன். தூரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மஞ்சள் ஹெல்மெட், அவர்தான். ஒரு கை உயர்ந்தது, மறு கை விசையை விடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குழாயை நானே பிடுங்கிப் போட்டிருப்பேன். ஆனாலும் சவுக்கு மரத்தடியில் நாலே முக்கால் வரை உட்கார்ந்திருந்தேன். அவர் குரலையாவது பக்கத்தில் கேட்க மாட்டோமா என்று ஏங்கினேன்.

திரும்பும் பேருந்து ஜெமாலுவாங் ஊரைத் தாண்டியபோது அவரிடமிருந்து போன் வந்தது.

"பைப் வந்திருச்சு. கேட்ல நிக்கிறேன். எங்க இருக்க?"

"பஸ்ல."

"இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருக்கக் கூடாதா?" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

இந்த மாதிரி வேலையில் இருப்பவர்களைப் பார்க்கப் போகிறவர்களே, லீவா என்று கேட்காதீர்கள், குழாய் இழுப்பது என்றைக்கு என்று கேளுங்கள். திரும்பும் டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்காதீர்கள். மறுநாள் வேலை கிடக்கட்டும். மனுஷனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.