பெட்டிக்குள் இருந்த ஓரெஸ்தே

இத்தாலியின் பார்மா நகரத்து ஓபரா அரங்கில் மேல்மாடி ரசிகர்களுக்கு ஈவிரக்கமே கிடையாது. ஒரு சுரம் பிசகினால் போதும், சீழ்க்கையடித்தே பாடகியை ஊரைவிட்டுத் துரத்திவிடுவார்கள். அவர்களிடம் இல்தே முப்பது வருஷம் ஓபரா பாடிக் காலம் தள்ளினாள் என்றால், அத்தனையும் தோழி, வேலைக்காரி வேஷம் என்பதால்தான். ஒரே ஒரு தடவை, கதாநாயகிக்குக் காய்ச்சல் என்று இவளை மேடைக்குத் தள்ளிவிட்டார்கள்.

அன்று பதிவான ஒலிநாடாவைக் கிழவியான பிறகுதான் அரங்கத்தின் ஆவணக்காப்பகத்துக்குக் கொடுத்தாள். கொடுக்கும்போதே ஒலிப்பதிவாளன் வால்தெரிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்:

"அடியில ஒரு முணுமுணுப்பு கேக்கும். ஒரு பொட்டு மிச்சமில்லாம எடுத்துடுப்பா. வேற பிரதி எதையும் வைக்காதே."

முணுமுணுத்தது அவள் புருஷன் ஓரெஸ்தே. மேடை விளிம்பில் இருக்கும் சின்னப் பெட்டிக்குள் குந்திக்கொண்டு, பாடுகிறவர்களுக்கு அடுத்த அடியை எடுத்துக்கொடுப்பதுதான் அவர் உத்தியோகம். அன்று இரண்டாம் அங்கத்தில் இல்தேவுக்குப் பாட்டு சுத்தமாக மறந்துபோயிற்று. அவர்தான் காப்பாற்றினார். ஊருக்குத் தெரிந்தால் மானம் போகுமே என்ற பயம் அவளை விடவேயில்லை.

மறுவாரம் தங்கை நோயெமியோடு பூசணி அடைத்த தொர்தெல்லிக் கொழுக்கட்டைக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான் குரல் வேற எதுலயாவது இருக்கா அக்கா?" என்றாள் நோயெமி.

இல்தே யோசித்தாள். போன் அடித்தாலே கொல்லைப்பக்கம் ஓடுகிற மனுஷன். செத்து ஒன்பது வருஷம். வேறு எதிலும் அந்தக் குரல் இல்லை.

"ஐயோ! நானே அழிக்கச் சொல்லிட்டேனே!"

மாவுக் கையோடு பேருந்தில் ஏறினார்கள். அது சிக்னலுக்கு சிக்னல் நின்று உயிரை வாங்கியது.

"படபடன்னு அடிச்சுக்காதே. அவன் சோம்பேறி, இன்னும் தொட்டிருக்கமாட்டான்," என்றாள் நோயெமி.

"உன் வாய்ல சர்க்கரையைப் போட."

வால்தெர் பல்லெல்லாம் தெரிய வரவேற்றான். "முடிச்சாச்சு சிஞ்ஞோரா! படுசுத்தம்!"

"அசல் நாடா?"

"ஓட ஓடப் பொடிப்பொடியா உதிர்ந்துடுச்சு. அதுல இருந்து எடுத்த முதல் பிரதியையும் நீங்க சொன்னபடியே அழிச்சுட்டேன்."

நோயெமி நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவை உட்காரவைத்தாள். வால்தெர் பயந்துபோய்த் தலையைச் சொறிந்தான்.

"ஒரே ஒரு இடம் பாக்கி. உங்க பாட்டுக்கு அடியில கேட்டதெல்லாம் எடுத்துட்டேன். ரெண்டாம் அங்கத்துல நீங்க பாடாம நிக்கிறீங்க, வாத்தியமும் காத்துக்கிட்டு நிக்குது. அவர் குரல் மட்டும்தான். எடுத்தா வெறும் ஓட்டை. சாயங்காலம் அந்த இடத்தையே வெட்டிடலாம்னு..."

"போடு அதை."

கரகரப்பு. பிறகு அமைதி. பெட்டிக்குள்ளேயிருந்து ஓரெஸ்தே அடியெடுத்துக் கொடுத்தார்: "மன்னிப்பாயா, மாலை மறையுமுன்..." பதிலில்லை. மறுபடியும் கொடுத்தார். பதிலில்லை. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது குரல்:

"பாடித் தொலையேன்டி, கழுதை!"

உடனே இளம் இல்தேவின் குரல் கணீரென்று எழுந்தது. கிழவி இல்தே மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணீர் நிற்கவேயில்லை.

"இதை ஊரே கேக்குமே, சிஞ்ஞோரா," என்று இழுத்தான் வால்தெர். "அந்தக் கழுதையை மட்டுமாவது எடுத்துடவா?"

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்," என்றாள் இல்தே. "இன்னொரு தடவை போடு."