பாட்டு ஓடினால் படம் தெரியாது

மென்பொருளுக்குக் காசு கொடுப்பவன் என்று எங்கள் குடும்பத்தில் எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. குடிக்கிறான், சீட்டாடுகிறான் என்பதைப்போலத்தான் அதைச் சொல்வார்கள். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட பெரியப்பா சும்மா இருக்கவில்லை. "தம்பி தங்கமான பய. என்ன, இந்த ஆப்புக்கெல்லாம் காசு கட்டும், அது ஒண்ணுதான்" என்றார். பெண் வீட்டார் கவலையோடு என்னைப் பார்த்தார்கள்.

ஆலங்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் உட்கார்ந்துகொண்டே எங்கேயோ இருக்கும் நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறேன். நான் எழுதுவதை யாரோ காசு கொடுத்து வாங்குவதால்தான் எனக்குச் சம்பளம் வருகிறது. அப்படியிருக்க, அடுத்தவன் எழுதியதை மட்டும் திருட்டு வழியில் இறக்கிக்கொள்ள எனக்கு மனசு வராது. அதற்காக நான் ஏமாளியும் இல்லை. சந்தா கட்டிய பிறகும் விளம்பரம் போட்ட ஒரு படத்தளத்தை அன்றைக்கே நிறுத்தினேன். ஒரே தடவை காசு என்று விற்றுவிட்டு அப்புறம் மாத வாடகை கேட்ட செயலியைத் தூக்கி எறிந்தேன். உழைக்கிற மென்பொருள் என்றால் கொடுப்பேன், அவ்வளவுதான்.

துபாயில் இருக்கும் என் அண்ணனுக்கு இது புரியவே புரியாது. "ஓசியில கெடைக்கிறதுக்கு இவன் மாசாமாசம் மொய் எழுதுறான்" என்று சிரிப்பான்.

அந்த அண்ணன்தான், மகளின் காதுகுத்துக்கு நாள் குறித்து, பத்திரிகையும் அடித்த பிறகு, லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்று போன் பண்ணினான். நாளை மாற்றலாம் என்றால், தாய்மாமன் சீர் வரையில் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது.

"வீடியோ கால் இங்கிட்டு ஒழுங்கா எடுக்காதுடா. நீதான் என்னென்னமோ வச்சிருக்கியே, லைவ் போட்டுரு. காது குத்தயில அவ மூஞ்சிய நான் பாக்கணும். அவ அழுவா. அதுவும் எனக்குக் கேக்கணும். அப்புறமா அனுப்புற வீடியோ வேணாம்டா, அந்த நேரத்துலயே வேணும்."

அவன் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. நேரலைக்கு என்று நான் சந்தா கட்டி வைத்திருக்கும் மென்பொருள் படத்தின் குறுக்கே தன் பெயரைப் போடாது, பாதியில் நிற்காது. முந்தைய நாளே எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போய் கேமராவை நிறுத்தி, சிக்னல் பார்த்து, அண்ணனுக்குச் சோதனை நேரலையும் போட்டுக் காட்டினேன். ஆளில்லாத கோயில், ஒரு கிளி கத்தியதுகூட அவனுக்குக் கேட்டது. "பரவால்லடா" என்றான். அவன் வாயிலிருந்து அது பெரிய சான்றிதழ்.

மறுநாள் ஊருணிக் கரையில் மொட்டை போட்டது அருமையாகப் போனது. பிள்ளை மொட்டைத் தலையில் சந்தனத்தோடு கோயிலுக்கு வந்தாள். தாய்மாமன் பட்டு வேட்டியில் சப்பணமிட்டு உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டார். காது குத்தும் ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். புங்கமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஊரையே தூக்கிக்கொண்டிருந்தது. என் போன் அடித்தது.

"டேய், படம் போச்சுடா! ஏதோ அறிவிப்பு மட்டும் நிக்கிது."

மடிக்கணினியைப் பார்த்தேன். காப்புரிமை உள்ள பாட்டு உங்கள் நேரலையில் ஒலிக்கிறது, அதனால் படத்தை மறைத்திருக்கிறோம், பாட்டை நீக்கினால் திரும்பும் என்று தளம் சொல்லியிருந்தது. கேமரா, மென்பொருள், இணையம் எல்லாவற்றுக்கும் காசு கட்டியிருந்தேன். புங்கமரத்துப் பாட்டுக்கு யாரும் கட்டவில்லை. எவனோ எழுதி, எவளோ பாடியது, காசு கொடுக்காமல் போடாதே என்கிறது தளம். நான் பெரியப்பாவிடம் வருஷக்கணக்காக வைத்துவரும் அதே வாதம்! நியாயம்தான். ஆனால் ஒரு கோயில் மரத்திலிருந்து வழியில் வந்து விழும் பாட்டுக்காக, ஒரு தகப்பன் கண்ணைக் கட்டுவது என்ன நியாயம்?

மைக்கை அணைத்தால் படம் வரும், ஊமைப்படம். அண்ணன் கேட்டது அதில்லை. மைக்செட்காரரிடம் ஓடினேன்.

"அண்ணே, பாட்ட நிறுத்துங்க."

"பாட்ட நிறுத்துறதா? தம்பி, விசேஷ வீட்ல செட்டு நின்னா என்ன அர்த்தம்னு தெரியும்ல? ஒங்க பெரியப்பா மொதல்ல என்னையத்தான் மரத்துல கட்டுவாரு."

எங்கள் பக்கம் அப்படித்தான். செட்டு பாடிக்கொண்டிருந்தால் நல்ல காரியம், நின்றுபோனால் ஏதோ கெட்ட சேதி. அது தெரிந்தும் பென்டிரைவை நானே பிடுங்கினேன்.

கோயில் அப்படியே அமைதியாகிவிட்டது. பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூட வாளியோடு திரும்பிப் பார்த்தார்.

"எவன்டா அவன் செட்ட நிறுத்துனது?" பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "யாருக்கு என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல பெரியப்பா. பாட்டு ஓடுனா அண்ணனுக்குப் படம் தெரியாது."

"பாட்டுக்கும் படத்துக்கும் என்னடா சம்பந்தம்? மாசாமாசம் கட்டுறியே, அதுல இது சேராதா?"

"அந்தப் பாட்டு நம்மளுது இல்லன்னு மறைக்கிறாங்க பெரியப்பா."

"வாடகை குடுத்துத்தானடா செட்டு போட்ருக்கேன்!"

நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஆசாரி அவசரப்படுத்தினார். போனில் அண்ணன் "டேய்... டேய்..." என்றுகொண்டே இருந்தான். பெரியப்பாவுக்கே அக்காவான எங்கள் அத்தைதான் அவர் குறுக்கே வந்து நின்றது.

"என்னடா பெரிய பாட்டு? சத்தம்தான வேணும் ஒனக்கு? நாங்கல்லாம் சோறு திங்க மட்டுமா வந்துருக்கோம்?" என்று சொல்லிவிட்டு, நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டது பாருங்கள், பெரியப்பா ரெண்டு எட்டு பின்னால் போனார். அடுத்த நிமிஷம் அண்ணி, அண்ணியின் சொந்தக்காரப் பெண்கள், பந்தியில் இருந்தவர்கள் என்று எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். அதை யாரும் எங்கும் பதிவு செய்து வைத்துக்கொண்டு என்னுடையது என்று வரமாட்டார்கள்.

நான் ஓடி வந்து திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அறிவிப்பு அப்படியே நின்றது. ஆசாரியை ஒரு கையால் தடுத்துப் பிடித்திருந்தேன், அவர் என்னை முறைத்தார். சட்டென்று அறிவிப்பு மறைந்து, சந்தனத் தலை தெரிந்தது.

"வந்துருச்சுடா! வந்துருச்சு!" போனில் அண்ணன் கத்தினான்.

கையை எடுத்ததும் ஆசாரி ஒரே குத்து. குலவையையும் தாண்டி பிள்ளை வீறிட்டாள். தாய்மாமன் பதறி அவளை இறுக்கிக்கொண்டார். போனில் அண்ணன் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

ஆசாரி அடுத்த பக்கம் நகர்ந்தார். பிள்ளைக்கு விஷயம் புரிந்துவிட்டது. குத்தாத காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, எங்கள் எல்லாரையும் ஒரு சுற்று முறைத்துப் பார்த்து, "நான் அப்பாட்ட சொல்லிருவேன்!" என்றாள்.

போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் முன்னால் நீட்டினேன்.

"சொல்லு தாயி," என்றான் அண்ணன், "பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."